உயிர்த்தெழுதல்: கிறிஸ்தவ நம்பிக்கையின் ஆணிவேர்

ஒரு சமயத்தை அறிய விழைவோர் அதன் திருவிழாக்களையும் சடங்குகளையும் மட்டும் கண்டு மீளுதல் போதாது. எந்த ஒன்றை எடுத்துவிடின் அச்சமயம் அச்சமயமாக நில்லாதோ, அந்த ஒன்றைத் தேடிக் காணல் வேண்டும். கிறிஸ்தவ சமயத்தில் அத்தகையது யாது? புறத்தே நின்று நோக்குவார் பலர் மார்கழி மாதத்துப் பிறப்பு விழாவையே அதன் தலையாய விழாவென எண்ணுவர். நீதி நூல்களில் ஈடுபாடுடையார் மலைப்பொழிவின் அறவுரைகளே அதன் உயிர்நிலை என்பர். இரண்டும் சிறப்புடையனவே. ஆயினும், அச்சமயத்தாரின் முதல் நூல்கள் வேறொன்றைச் சுட்டுகின்றன.

புதிய ஏற்பாட்டு நூல்களுள் காலத்தால் முந்தியவை பவுலின் திருமுகங்கள். கத்தோலிக்கர் முன்னாளிற் சின்னப்பர் என வழங்கியவர் இவரே. அத்திருமுகங்களில் மாட்டுத் தொழுவம் இல்லை, வழிகாட்டிய விண்மீன் இல்லை, மலைப்பொழிவும் இல்லை. நற்செய்தி நூல்கள் நான்கினுள் முந்தியதென ஆராய்ச்சியாளர் பெரும்பாலார் கருதும் மாற்குவின் நூலிலும் பிறப்பு வரலாறு காணப்படவில்லை. மத்தேயு, லூக்கா ஆகிய இருவரே அதனைக் கூறினர். ஆனால், நால்வரும் தவறாது கூறும் செய்தி ஒன்றுண்டு. அது வெறுமையாய்க் கிடந்த கல்லறை. பவுல் மீண்டும் மீண்டும் பற்றிநிற்பதும் சிலுவையையும் அதன்பின் நிகழ்ந்த உயிர்த்தெழுதலையுமே. மரம் எவ்வளவு பெரிதாயினும் அது நிற்பது ஆணிவேராலன்றோ? அவ்வேரினை ஈண்டு ஆராய்வோம்.

கொரிந்தில் எழுந்த ஐயம்

கொரிந்து கிரேக்க நாட்டின் இருபுறக் கடலையும் நோக்கி நின்ற வாணிக நகரம். கி.மு. 146இல் உரோமர் அதனை அழித்தனர்; கி.மு. 44இல் யூலியசு சீசர் அதனை மீண்டும் குடியேற்றினார். விடுதலை பெற்ற அடிமைகளும் வணிகரும் மாலுமிகளும் நிறைந்த அந்நகரில் பவுல் ஒரு சபையை நிறுவினார். பின்னர், ஏறத்தாழக் கி.பி. 54இல், எபேசு நகரில் இருந்தபோது அச்சபையாருக்கு ஒரு திருமுகம் எழுதினார். அதன் 15ஆம் அதிகாரமே இப்பொருளைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய விரிவான ஆராய்ச்சி.

கொரிந்துச் சபையாருட் சிலர், இறந்தோர் எழுவர் என்பதை மறுத்தனர். கிரேக்கச் சிந்தனையில் தோய்ந்தார்க்கு இம்மறுப்பு இயல்பானதே. கிரேக்க மொழியில் உடலுக்குச் 'சோமா' என்றும், கல்லறைக்குச் 'சேமா' என்றும் பெயர். உடலே உயிரின் கல்லறை என இவ்விரு சொற்களையும் இணைத்துக் கூறும் வழக்கம் பிளேட்டோவின் நூல்களிலேயே காணப்படுகின்றது. சிறையினின்று விடுபட்டவன் மீண்டும் அச்சிறைக்குத் திரும்ப விரும்புவானோ? ஏதென்சு நகரத்து அரியோபாகு மன்றில் பவுல் பேசியபோதும், உயிர்த்தெழுதல் என்ற சொல் வந்ததும் கேட்டோருட் சிலர் நகைத்தனர் என்று அப்போஸ்தலர் பணிகள் என்னும் நூல் கூறுகின்றது.

இத்தகைய மறுப்புக்குப் பவுல் அளித்த விடை கூர்ந்து நோக்கற்பாலது. இது சபையின் பல கோட்பாடுகளுள் ஒன்று; ஏற்கவியலாதார் இதனை விடுத்து ஏனையவற்றைக் கொள்க என்று அவர் கூறவில்லை. இறந்தோர் எழுதல் என்பதே இல்லையாயின் கிறிஸ்துவும் எழுந்திலர் என்றார். கிறிஸ்து எழுந்திலராயின் தாம் ஊர்தோறும் திரிந்து செய்த போதனை வெறுமை. கேட்டோர் கொண்ட நம்பிக்கையும் வெறுமை. தாமும் ஏனைய தூதரும் கடவுளின்மேற் பொய்ச்சான்று கூறியோராவர். முன்னரே இறந்த அடியார்கள் அழிந்தொழிந்தோரே. இம்மையளவில் மட்டும் கிறிஸ்துவை நம்பியிருப்போர் மாந்தர் அனைவரினும் இரங்கத்தக்கார் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். தாம் நிறுவிய மாளிகையின் கடைக்காலைத் தாமே தோண்டிக் காட்டி, இக்கல் இல்லையேல் மாளிகை இல்லை என்று கூறும் துணிவு இது.

அத்துணிவுக்கு அவர் காட்டிய அடிப்படை சான்றோர் பட்டியல் ஒன்று. முதலிற் பேதுரு, பின்னர்ப் பன்னிருவர், அதன்பின் ஒரே வேளையில் ஐந்நூற்றுவருக்கு மேற்பட்டோர், பின்னர் யாக்கோபு, பின் தூதர் அனைவர், ஈற்றில் சபையைத் துன்புறுத்தித் திரிந்த தாம் என அவர் வரிசைப்படுத்துகின்றார். ஐந்நூற்றுவருட் பெரும்பாலார் இன்னும் உயிரோடு உள்ளனர் என்ற குறிப்பும் அங்கே உண்டு. சென்று கேட்க விரும்புவார் கேட்கலாம் என்பது அதன் உட்பொருள். சிலுவை நிகழ்ச்சிக்கும் இத்திருமுகத்துக்கும் இடையே கழிந்தவை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளே. தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைத்ததாகப் பவுல் கூறுதலின், இப்பட்டியலின் முற்பகுதி அவர் காலத்துக்கும் முந்தியது என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலார் கருத்து.

எது உயிர்த்தெழுதல், எது அன்று

நம்மனோர் இச்சொல்லைக் கேட்டவுடன் வேறு மூன்று பொருள்களோடு இதனை மயக்குதல் உண்டு. அவற்றைப் பிரித்தறிந்தாலன்றி இக்கோட்பாடு விளங்காது.

முதலாவது, இது மறுபிறப்பு அன்று. மறுபிறப்புக் கொள்கையில் உயிர் ஓர் உடலை விட்டு வேறோர் உடலை எடுக்கின்றது. வினைக்கேற்பப் பிறவி தொடர்கின்றது. உயிர்த்தெழுதலில் இறந்த அம்மனிதனே, அவனுக்குரிய அடையாளத்தோடே, ஒரே ஒரு முறை எழுகின்றான். இரண்டும் வெவ்வேறு அடித்தளத்தில் எழுந்த இருவேறு கட்டடங்கள். ஒன்றன் அளவுகோலால் மற்றொன்றை அளத்தல் பொருந்தாது.

இரண்டாவது, இது உயிர் அழியாது என்னும் கொள்கையும் அன்று. அக்கொள்கையின்படி இறப்பு உடலைத் தொடும், உயிரைத் தொடாது. கிறிஸ்தவ நூல்களின் நோக்கு வேறு. மனிதன் முழுமையாக இறக்கின்றான், முழுமையாக எழுப்பப்படுகின்றான். பழைய விசுவாச அறிக்கையும் ஆன்மாவின் அழியாமையைக் கூறாது உடலின் உயிர்ப்பையே கூறுகின்றது. கி.பி. 325இல் நிசேயாவிற் கூடிய சங்கத்தின் பெயரால் வழங்குவதும், 381இல் கொன்ஸ்தாந்திநோபிளிற் கூடிய சங்கத்தோடு தொடர்புடையதுமான அறிக்கையும் இறந்தோரின் உயிர்ப்பை எதிர்நோக்குவதோடுதான் முடிகின்றது.

மூன்றாவது, இது இறந்தவன் பழைய வாழ்வுக்குத் திரும்புதலும் அன்று. யோவான் நூலில் இலாசரு நான்கு நாட்களுக்குப் பின் கல்லறையினின்று வெளிவந்தான். ஆயினும் பின்னொருநாள் அவனும் இறக்க வேண்டியவனே. உயிர்த்த கிறிஸ்துவோ இறப்பைக் கடந்தவர் என்பதே அடியார் நம்பிக்கை. இந்நிலையை விளக்கப் பவுல் உழவர் அறிந்த உவமையொன்றைக் கையாண்டார். நிலத்தில் இடப்படுவது வெறும் விதை; முளைத்து எழுவது பயிர். இரண்டும் ஒன்றே; ஆயினும் ஒன்றல்ல. மண்ணுட் சென்ற மணியே பயிராகின்றது என்பதால் தொடர்ச்சி உண்டு. மணியைக் கண்ட ஒருவன் பயிரின் அழகை ஊகித்தல் இயலாது என்பதால் மாற்றமும் உண்டு.

கிறிஸ்துவை அவர் முதற்பலன் என்றும் அழைத்தார். யூதருள் பரிசேயர் உலக முடிவில் இறந்தோர் எல்லாரும் ஒருங்கே எழுவர் என நம்பினர். சதுசேயர் அதனை மறுத்தனர். உலக முடிவுக்கு முன்னரே, வரலாற்றின் நடுவில், ஒருவர் மட்டும் எழுவார் என அவ்விரு சாராருள் எவரும் எதிர்பார்த்திலர். கிறிஸ்தவர் கூறிய புதுமை அதுவே. முதற்கதிர் அறுத்துப் புதிரெடுத்த வயலில் முழு அறுவடையும் பின்னர் வரும் என்பதை உழவர் அறிவர். அவ்வாறே அந்த ஒருவரின் எழுச்சி எல்லாரின் எழுச்சிக்கும் முன்னறிகுறியாயிற்று.

சொல்லின் பொருள்

இக்கோட்பாட்டைச் சுட்டும் கிரேக்கச் சொல் 'அனஸ்தாசிஸ்'. எழுந்து நிற்றல் என்பது அதன் நேர்ப்பொருள். உறக்கத்தினின்று எழுப்புதல் என்னும் பொருள்படும் வினைச்சொல்லும் உடன் வழங்கிற்று. இறந்தோரைப் புதைக்கும் நிலத்தை அக்காலக் கிறிஸ்தவர் 'கொய்மெத்தேரியன்' என்றனர். உறங்குமிடம் என்பது அதன் பொருள். உறங்குவோன் விழிப்பான் என்ற எதிர்பார்ப்பு அப்பெயரிலேயே அடங்கிவிட்டது. இறந்தாரைக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் எனத் தமிழ்க் கிறிஸ்தவர் கூறும் வழக்கும் இதன் வழிவந்ததே.

தமிழ்ச் சொல்லும் இவ்வகையிற் பேறுடையது. புரட்டஸ்தாந்தர் உயிர்த்தெழுதல் என்பர். கத்தோலிக்கர் உயிர்ப்பு என்பர். உயிர்த்தல் என்பதற்கு மூச்சுவிடுதல் என்பது பழம்பொருள். உயிர்ப்பு என்பது மூச்சு. யோவான் நூலின்படி, உயிர்த்த கிறிஸ்து பூட்டிய அறையினுள் அஞ்சியிருந்த சீடர்முன் தோன்றி அவர்மேல் ஊதினார். ஆதி மனிதனின் நாசியிற் கடவுள் உயிர்மூச்சை ஊதிய படைப்பு வரலாற்றை நினைவூட்டும் செயல் இது. எழுந்தவர் தாம் மட்டும் எழவில்லை. அச்சத்தால் செத்தார்போன்று இருந்தாரையும் உயிர்ப்பித்தார் என்பது கருத்து. உயிர்ப்பு என்னும் ஒரு சொல்லில் மூச்சும் எழுச்சியும் ஒருங்கே அமைந்திருத்தல் நம் மொழிக்கு வாய்த்த நயம்.

நற்செய்தியாளரின் அடக்கம்

பெருநிகழ்ச்சியைப் பாடும் புலவர் அதனை விரித்து வருணித்தல் இயல்பு. நற்செய்தி நூல்களோ உயிர்த்தெழும் அக்கணத்தை வருணிக்கவே இல்லை. கண்டார் எவரும் இலர். நூல்கள் கூறுவன இரண்டே: கல்லறை வெறுமையாயிருந்தது, பின்னர் அவர் காட்சி தந்தார். இவ்வடக்கத்தின் அருமையை அறிய விரும்புவோர் பேதுருவின் பெயரால் வழங்கிய பிற்கால நூலொன்றை ஒப்பிடலாம். எகிப்து நாட்டு அக்மிம் என்னும் இடத்தில் 1886-87ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அதன் பகுதியொன்று கண்டெடுக்கப்பட்டது. அதில் வானளாவிய உருவினர் கல்லறையினின்று வெளிவருகின்றனர். சிலுவை பின்தொடர்ந்து வந்து பேசுகின்றது. திருச்சபை அந்நூலை ஏற்றுக்கொள்ளவில்லை.

முதற் சாட்சிகள் யாவர் என்பதும் எண்ணத்தக்கது. நால்வரும் பெண்களையே குறிப்பிடுகின்றனர். மகதலா மரியாளின் பெயர் நான்கிலும் உண்டு. பெண்களின் சான்றை ஏற்றல் ஆகாதென முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியுள்ளார். பிறரை நம்பச் செய்தற்கு ஒரு கதையைப் புனைவார் அக்காலத்தில் இத்தகைய சாட்சிகளைத் தெரிந்தெடுத்திரார் எனப் பலர் வாதிடுவர். பெண்கள் கூறியதைச் சீடரே முதலில் வீண்பேச்சாகக் கருதினர் என்பதையும் லூக்கா மறைத்திலர்.

நூல்களிடையே வேறுபாடுகளும் உண்டு. சென்ற பெண்கள் எத்துணையர், கண்ட தூதர் ஒருவரா இருவரா என்பவற்றில் ஒற்றுமை இல்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய இரு பிரதிகளில் மாற்குவின் நூல் பெண்கள் நடுங்கி ஓடி ஒருவருக்கும் ஒன்றும் கூறாதிருந்தனர் என்பதோடு முடிந்துவிடுகின்றது. இவ்வேறுபாடுகளை மறைத்துச் சீர்செய்ய முயலாது, நான்கினையும் உள்ளவாறே திருச்சபை காத்துவைத்தது.

காட்சி பெற்றார் வரலாறுகளும் ஆரவாரம் அற்றவை. எருசலேமிலிருந்து எம்மாவு என்னும் ஊருக்கு நடந்து சென்ற இருவர் வழித்துணையாக வந்தவரை அறிந்திலர். மாலையிற் பந்தியிருந்து அவர் அப்பத்தைப் பிட்டபோது அறிந்தனர். கடலோரத்தில் இரவு முழுதும் வலைவீசிக் களைத்த மீனவர்க்கு அவர் கரிநெருப்பில் மீன் சுட்டு உணவளித்தார். தோமாவுக்கு அவர் காட்டியது தம் காயங்களை. எழுந்த உடலிலும் ஆணித் தழும்புகள் மறையவில்லை. பட்ட துன்பம் இல்லாததாகிவிடவில்லை. அது வெல்லப்பட்டது என்பதே இதன் பொருள்.

உடலின் மதிப்பு

உயிர்த்தெழுதலை நம்புவோர் உடலை இழிவாகக் கருதவியலாது. இறப்பையும் எளிதாகக் கருதவியலாது. 1955இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் ஒஸ்கார் குல்மன் என்னும் அறிஞர் ஆற்றிய உரை இதனை நன்கு விளக்கிற்று. சோக்கிரதர் நஞ்சுக் கிண்ணத்தை அமைதியோடு ஏந்தினார். இறப்பு அவருக்கு நண்பன். இயேசுவோ கெத்சமனித் தோட்டத்தில் நடுங்கினார், கலங்கினார், துணைக்கு விழித்திருக்குமாறு நண்பரை வேண்டினார். கிறிஸ்தவ நோக்கில் இறப்பு பகைவன். பவுல் அதனைக் கடைசிப் பகைவன் என்றே குறித்தார். இறப்பின் கொடுமையை முழுதும் உணர்ந்தவனுக்கே அதன்மேல் கிடைத்த வெற்றியின் அருமை புலனாகும்.

இதனைப் பகைவரும் அறிந்திருந்தனர். கி.பி. 177இல் கோல் நாட்டு லியோன் நகரில் கிறிஸ்தவர் பலர் கொல்லப்பட்டனர். கொன்றோர் அவ்வளவில் அமையாது, உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றிற் கரைத்தனர். இனி எழும் நம்பிக்கை இவர்க்கு இராதொழிக என்பது அவர் எண்ணம் என யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் எடுத்துக்காட்டுகின்றார். துன்பத்துக்கு அஞ்சாமையின் ஊற்று எங்குள்ளது என்பதைக் கொன்றோர் நன்கு கண்டுகொண்டனர்.

ஓவியரும் இதனை உணர்ந்தனர். பிரான்சு நாட்டுக் கொல்மார் நகரில் உள்ள ஈசன்ஹைம் பீட ஓவியம் 1512க்கும் 1516க்கும் இடையிற் குருனேவால்டு என்பவர் தீட்டியது. தோலும் தசையும் அழுகும் கொடுநோயால் வருந்தினாரைப் பேணிய துறவியரின் மருத்துவமனைக்கென அது வரையப்பட்டது. மூடிய பலகையிற் சிலுவையில் தொங்கும் உடல் புண்பட்டுக் கிடக்கின்றது. பலகையைத் திறந்தால், அவ்வுடலே காயத் தழும்புகளோடு ஒளியாய் எழுகின்றது. நோயாளர் அங்கே தம் உடலையே கண்டனர். கீழைத் திருச்சபையின் ஓவியங்களிலோ கிறிஸ்து தனித்து எழுவதில்லை. இஸ்தான்புல் நகரத்துக் கோரா ஆலயத்தில் 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதப்பட்ட சுவரோவியத்தில், ஆதாமை ஒரு கையாலும் ஏவாளை மறு கையாலும் பற்றிக் கல்லறையினின்று அவர் இழுத்தெடுக்கின்றார். முதற்பலன் என்ற சொல்லுக்கு இதனினும் சிறந்த உரை வேண்டுமோ?

நாளும் விழாவும்

முதற் கிறிஸ்தவர் யூதர். அவர்க்குச் சனிக்கிழமையே ஓய்வுநாள். அத்துணைப் பழமையான வழக்கத்தின் அருகே வாரத்தின் முதல்நாளாகிய ஞாயிறு வழிபாட்டு நாளாக எழுந்தமைக்கு அவர் கூறிய காரணம் அந்நாளிற் கிறிஸ்து எழுந்தார் என்பதே. கி.பி. 321இல் கொன்ஸ்தந்தீன் பேரரசர் அதனை ஓய்வுநாளாக்கினார். ஆண்டுக்கொருமுறை வரும் உயிர்த்த ஞாயிறு, திருச்சபை கணிக்கும் இளவேனிற் சமநாளுக்குப்பின் வரும் நிறைமதியை அடுத்த ஞாயிறன்று அமையும். மேலைத் திருச்சபையில் அது மார்ச் 22க்கும் ஏப்பிரல் 25க்கும் இடையே வரும். கீழைத் திருச்சபையார் வேறு நாட்காட்டியைக் கொள்ளுதலின் இரு விழாக்களும் பெரும்பாலும் வெவ்வேறு நாட்களில் வரும். நிசேயா சங்கம் கூடி 1700 ஆண்டுகள் நிறைந்த 2025இல் இரண்டும் ஏப்பிரல் 20 அன்று ஒருங்கே அமைந்தன.

ஆராய்ச்சியும் நம்பிக்கையும்

இக்காலத்தார்க்கு ஐயம் எழுதல் புதிதன்று. செருமானிய அறிஞர் ருடோல்ஃப் புல்ட்மன், 1941இல் வெளியிட்ட கட்டுரையிற் புதிய ஏற்பாட்டின் புராணப் போர்வையை விலக்கி அதன் உட்பொருளைக் கொள்ளல் வேண்டும் என்றார். கிறிஸ்து எழுந்தது சீடரின் போதனையில் என்பது அவர் கருத்தின் சாரம். ஆங்கில அறிஞர் என். ரி. ரைட், 2003இல் 800 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலொன்றில் இதற்கு மாறாக வாதிட்டார். வெறுங் கல்லறையும் காட்சிகளும் மெய்யாகவே நிகழ்ந்தாலன்றி, முதற் கிறிஸ்தவரிடையே இத்துணைத் திடீர் மாற்றம் தோன்றியிராது என்பது அவர் முடிபு.

வரலாற்றாராய்ச்சி ஓரெல்லை வரையே நம்மை அழைத்துச் செல்லும். சிதறி ஓடிய சீடர் சிலகாலத்துள் எருசலேமிலேயே திரும்பி நின்று அவரைக் கண்டோம் என்று கூறினர் என்பதையும், அச்சொல்லுக்காகத் துன்பம் ஏற்றனர் என்பதையும் அது காட்டும். அதற்கப்பால் நம்புவதும் நம்பாததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தன. ஆயினும், இதனை விலக்கிவிட்டு இயேசுவை நல்லாசிரியராக மட்டும் போற்றுவார் பவுல் அறிந்த சமயத்தைப் போற்றுவாரல்லர் என்பது தெளிவு.

நம் நாட்டில் ஓர் உயிர்த்த ஞாயிறு

இக்கோட்பாடு நூல்களுள் மட்டும் வாழ்வதன்று என்பதை நம் நாடு கொடிய வகையிற் கண்டது. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டிச் செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். சீயோன் தேவாலயத்தில் மாண்டோருட் பலர் சிறுவர். கட்டுவாப்பிட்டி ஆலயத்தில் உயிர்த்த கிறிஸ்துவின் திருவுருவத்தின்மேற் குருதி தெறித்திருந்த படத்தை உலகமே கண்டது.

உயிர்ப்பைக் கொண்டாடச் சென்ற குழந்தையை உயிரற்ற உடலாகப் பெற்ற தாய்க்கு இக்கோட்பாடு யாது கூறும்? அழாதே என்று கூறாது. இலாசருவின் கல்லறைமுன் இயேசுவும் கண்ணீர் விட்டார் என்கிறது யோவான் நூல். அவனை எழுப்பப் போகின்றோம் என்பதை அறிந்தவரே அழுதார். ஆகவே அழுகை நம்பிக்கையின்மை அன்று. இழந்த உடல் அன்புக்குரியது. அதனைச் சிதைத்தது கொடுமை. அதற்கு நீதி கேட்டல் முறை. அவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரே, இறுதிச் சொல் கொலைஞனுடையது அன்று என்று இக்கோட்பாடு கூறுகின்றது. காயத்தை மறைக்காது காட்டிய ஒருவரின் பெயரால் கூறப்படுதலின், அச்சொல் துன்புற்றார் செவியில் ஏறும் தகுதி பெறுகின்றது.

பவுலின் திருமுகத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. இறப்பை நோக்கி உன் வெற்றி எங்கே என வினவி விண்ணளாவ உயர்ந்த அவ்வதிகாரம், நீங்கள் செய்யும் உழைப்பு வீணாகாது என்னும் எளிய அறிவுரையோடு நிறைவுறுகின்றது. அதனையடுத்து அவர் பேசுவது எருசலேமின் ஏழையருக்குச் சேர்க்கும் பணத்தைப் பற்றி. வாரத்தின் முதல்நாள்தோறும், அஃதாவது ஞாயிறுதோறும், ஒவ்வொருவரும் தம் வரவுக்கேற்ப ஒரு தொகையை எடுத்துவைக்க என்கிறார். உயிர்ப்பின் நாளே ஏழைக்கு ஈயும் நாளுமாயிற்று. உடல் எழும் என நம்புகின்றவன் பசித்த உடலைக் கண்டு வாளா போதல் ஆகாது. இறப்பு இறுதியன்று என நம்புகின்றவன் நன்மை செய்தற்கு அஞ்சுதலும் ஆகாது. உயிர்த்தெழுதல் என்னும் ஆணிவேர் மண்ணுள் மறைந்து கிடப்பினும், அது பற்றியுள்ளதா இல்லையா என்பதை இக்கனிகளைக் கொண்டே அறிதல் கூடும்.